‘ஃபெய்தோன்’: கோட்டின் கீழ் வாழ்ந்த இலக்கியம்

சின்னாட்களுக்கு முன்னர், கம்போங் ராஜாவைச் சார்ந்த தேயிலைத் தோட்டமொன்றில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு குடும்பத்தார் வீடு மாறினர். சாமான்களை இறக்கி வைக்க நாமும் உடனிருந்தோம். பழைய தகரப்பெட்டியொன்றின் மூடியைத் திறந்தபோது, அதன் உட்புறத்தில் ஒரு பத்திரிகைத் தாள் ஒட்டப்பட்டிருக்கக் கண்டோம். தேதி அச்சிட்ட மூலை கிழிந்து போயிருந்தது. மேற்பாதியில் ரப்பர் விலையும் கப்பல் வரவும் மங்கிக் கிடந்தன. அவற்றை இன்று பொருட்படுத்துவார் எவருமிலர். கீழ்ப்பாதியில் குறுக்கே ஒரு கோடு. அக்கோட்டின் கீழே ஒரு கதை. கதையின் கடைசியில் ‘தொடரும்’ என்றிருந்தது.

அவ்வீட்டுப் பாட்டியார் அத்தாளைத் தடவிப் பார்த்து, “எங்கப்பா லயத்து வாசல்லே உட்கார்ந்து இதைச் சத்தமா படிப்பாரு, தம்பி. அந்தப் பொண்ணு கரை சேர்ந்தாளா இல்லையான்னு இன்னிவரைக்கும் எனக்குத் தெரியலை” என்றார்.

அவர் கேட்டதற்கு விடை நம்மிடம் இல்லை. ஆனால் பத்திரிகையில் கோடு கிழித்து, அதன் கீழே கதையும் கட்டுரையும் அச்சிடும் அவ்வழக்கத்துக்கு ஒரு பெயருண்டு. அது பிரெஞ்சுச் சொல். நம்மவருள் அதனைக் கேட்டவர் மிகச் சிலரே. அச்சொல்லின் பொருளையும் அது நடந்து வந்த வழியையும் ஆராய்வதே இவ்வியாசத்தின் நோக்கமாகும். ஒரு சொல்லைப் பற்றி இவ்வளவு பேச வேண்டுமோ என்று அன்பர்கள் கருதலாம். அச்சொல்லுக்கு நேர்ந்த இழிவும் பாட்டியாரின் கதைக்கு நேர்ந்த இழப்பும் ஒன்றோடொன்று தொடர்புடையன என்பது போகப் போகத் தெளிவாகும்.

அச்சொல் ‘ஃபெய்தோன்’ என்பது. பிரெஞ்சு மொழியில் ‘ஃபெய்’ என்றால் இலை. புத்தகத்தின் தாளுக்கும் அதுவே பெயர். சிறுமை குறிக்கும் விகுதி சேர்ந்து ‘ஃபெய்தோன்’ ஆயிற்று. ஆகவே ‘சிற்றிலை’, அல்லது ‘சிறு தாள்’ என்பதே அதன் நேர்ப்பொருள். ஆய்த எழுத்தை நீக்கிப் படித்தால் ‘பெய்தோன்’ என்றாகும். மழைபோல் கதை பெய்தோர் பலர் அப்பக்கங்களில் எழுதினர் என்பதால், அப்படிப் படிப்பதிலும் பெரிய பிழையில்லை!

இலையின் பெயரே எழுத்தைத் தாங்கும் தாளுக்கும் பெயராதல் பிரெஞ்சுக்காரருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. தொல்காப்பிய மரபியல், உள்ளே வயிரமுடையவற்றை மரமென்றும் புறத்தே வயிரமுடையவற்றைப் புல்லென்றும் பகுத்து, ஓலை, ஏடு, இதழ், மடல் என்பவற்றைப் புல்லினத்தின் உறுப்புக்களாக எண்ணுகிறது. பனையும் தெங்கும் அவ்வினத்தைச் சேர்ந்தவை. இவற்றுள் ஓலையும் மடலும் கடிதத்துக்குப் பெயராயின. ஏடும் இதழும் இன்று பத்திரிகைக்குப் பெயராக வழங்குகின்றன. பயிரின் தண்டைக் குறிக்கும் ‘தாள்’ என்பது காகிதத்துக்குப் பெயராயிற்று. எனவே, ஒருவன் ‘இதழில் ஒரு தாளைப் படித்தேன்’ என்று சொல்லும்போது, அவன் அறியாமலே செடிகொடிகளின் நடுவே நின்று பேசுகிறான். இலையைப் பறித்து உயிர்வாழும் மலைத்தோட்டத் தமிழர்க்கு இச்சொல் அந்நியமன்று என்பதற்காகவே இதனை விரித்துரைத்தோம்.

நிற்க. இச்சிற்றிலை துளிர்த்த காலம் எது?

1800ஆம் ஆண்டு ஜனவரியில், பிரான்ஸில் அதிகாரத்தைக் கைப்பற்றியிருந்த நெப்போலியனின் ஆட்சி, பாரிஸ் நகரத்து அரசியற் பத்திரிகைகள் 73இல் 60ஐ ஒரே கட்டளையால் நிறுத்திவிட்டது. எஞ்சிய 13 பத்திரிகைகளும் அஞ்சி நடந்தன. அரசியலை மனம்விட்டு எழுத வழியில்லை. அந்நிலையில், ‘ஜூர்னால் தெ தெபா’ என்னும் பத்திரிகை அதே ஆண்டில் தன் பக்கத்தின் அடியில் ஒரு தடித்த கோடு இழுத்து, அதன்கீழ் நாடகம், நூல், நாகரிகம் முதலியவற்றைப் பற்றி எழுதத் தொடங்கிற்று. ஜெஃப்ருவா என்னும் ஆசிரியர் 1814இல் தாம் இறக்குமளவும் நாடக விமரிசனங்களை அவ்விடத்தில் எழுதிப் புகழெய்தினார். அப்பகுதியே ‘ஃபெய்தோன்’ எனப்பட்டது. வீட்டின் தரைத்தளத்துக்கு வழங்கும் பெயரையே பத்திரிகைக்காரர் அதற்குப் பட்டப்பெயராக இட்டனர். மேல்மாடியில் மந்திரிமாரும் போரும் வரிவிதிப்பும். தரைத்தளத்தில் கதையும் கூத்தும்.

மேல்மாடியில் வாயடைக்கப்பட்டபோது தரைத்தளத்தில் பேச்சு வளர்ந்தது என்பதை ஈண்டு நினைவிற் கொள்க.

இரண்டாவது மாறுதல் 1836இல் நேர்ந்தது. அக்காலத்தில் பாரிஸ் தினசரிப் பத்திரிகையொன்றின் ஆண்டுச் சந்தா 80 பிராங்கு. உழைத்துப் பிழைப்பவனுக்கு அஃது எட்டாத தொகை. எமில் தெ ஜிரார்தேன் என்பார் அவ்வாண்டு ஜூலை 1ஆம் தேதி ‘லா பிரெஸ்’ என்னும் பத்திரிகையைத் தொடங்கிச் சந்தாவை 40 பிராங்காகக் குறைத்தார். அதே நாளில் அதே விலைக்கு ‘லெ சியெக்ல்’ என்னும் பத்திரிகையும் வெளிவந்தது. குறைந்த பாதியை விளம்பரத்தால் ஈடுசெய்வது அவர்களுடைய எண்ணம். விளம்பரம் வேண்டுமாயின் வாசகர் மிகுதியாக வேண்டும். வாசகர் விலகாதிருக்க வேண்டுமாயின் நாளைக்கு என்ன நேருமென்ற ஆவல் வேண்டும். ஆகவே கோட்டின் கீழே நாவல் புகுந்தது. பால்ஸாக் என்னும் பேராசிரியரின் நாவலொன்று அவ்வாண்டின் பிற்பகுதியில் ‘லா பிரெஸ்’ பத்திரிகையில் நாள்தோறும் வெளிவந்தது. 1844இல் அலெக்ஸாந்தர் டூமாவின் ‘மூன்று மஸ்கட்டீர்கள்’ ‘லெ சியெக்ல்’ பத்திரிகையில் வந்தது. ‘தொடரும்’ என்னும் சொல்லின் வல்லமையை உலகம் அப்போதுதான் நன்கறிந்தது.

இனி, இவ்வரலாற்றின் உயிர்நிலையாக நாம் கருதுவதைக் கூறுவோம். யூஜின் சூ என்பவர் செல்வரான ஒரு மருத்துவரின் புதல்வர். இன்ப வாழ்வில் திளைத்தவர். 1842 ஜூன் முதல் 1843 அக்டோபர் வரை அவர் ‘ஜூர்னால் தெ தெபா’ பத்திரிகையில் ‘பாரிஸ் மர்மங்கள்’ என்னும் கதையை எழுதினார். திருடர் குகைகளையும் சேரிகளையும் காட்டிப் பணம் படைத்தோருக்கு வேடிக்கை விளைவிப்பதே முதலில் அவர் கருத்து. ஆயின் எதிர்பாராத ஒன்று நிகழ்ந்தது. தொழிலாளரும் வேலைக்காரிகளும் அக்கதையைப் படித்தனர். படிக்கத் தெரியாதார் படிப்பிக்கக் கேட்டனர். நூற்றுக்கணக்கான கடிதங்கள் ஆசிரியருக்கு வந்தன. ‘எங்கள் சிறைச்சாலைகள் இப்படி, எங்கள் கூலி இப்படி, எங்கள் குழந்தைகளின் நிலைமை இப்படி’ என்று ஏழை மக்கள் தங்கள் கதையைத் தாங்களே அவருக்குத் தெரிவித்தனர். கதை மெல்ல மெல்லத் திசை மாறிற்று. ஏழைக்கு நீதி வழங்கும் முறை யாது, கடன் வசதி யாது, சிறைச் சீர்திருத்தம் யாது என்னும் வினாக்கள் கதைக்குள் புகுந்தன. வாசகரைத் திருத்த வந்த எழுத்தாளரை வாசகர் திருத்திய விந்தை இது!

பின்னர், 1844இல், ‘லெ கோன்ஸ்திதுசியோனெல்’ என்னும் பத்திரிகை அவருடைய அடுத்த கதைக்கு 1,00,000 பிராங்கு கொடுத்தது. நாலாயிரம் சந்தாதாரர்கூட இல்லாதிருந்த அப்பத்திரிகை இருபதினாயிரத்துக்கு மேற்பட்ட சந்தாதாரரைப் பெற்றது. 1850 ஏப்ரலில் பாரிஸ் மக்கள் யூஜின் சூவைச் சமதர்மக் கட்சியின் சார்பில் சட்டசபைக்குத் தேர்ந்தெடுத்தனர். மூன்றே மாதத்தில், ஜூலை 1850இல், ரியான்ஸே என்னும் உறுப்பினரின் திருத்தத்தின்படி, நாவல் அச்சிடும் பத்திரிகையின் ஒவ்வொரு பிரதிக்கும் ஒரு சாந்தீம் மேல்வரி விதிக்கப்பட்டது. தலையங்கத்துக்கு அன்று, கதைக்கு வரி! கோட்டின் கீழிருந்த சிற்றிலையைக் கண்டு அரசாங்கம் அஞ்சிற்று என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ? 1851 டிசம்பரில் லூயி நெப்போலியன் ஆட்சியைக் கவர்ந்தபின், யூஜின் சூ நாடு துறந்து, அந்நாளில் பிரான்ஸுக்குப் புறம்பாயிருந்த ஸவாய் நாட்டில் வாழ்ந்து, 1857இல் அங்கேயே உயிர்நீத்தார்.

இஃதிப்படியிருக்க, சொல் மட்டும் எல்லை கடந்து சென்றது. ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் அது பத்திரிகையின் இலக்கியப் பகுதி முழுவதற்கும் பெயராகி, இன்றளவும் அங்ஙனமே வழங்குகிறது. ருஷ்யாவில் நையாண்டிக் கட்டுரைக்குப் பெயராயிற்று. ஆங்கிலேயர் மட்டும் அதனை அருமையாகவே கையாண்டனர். தொடர்கதைக்கு அவர்களுக்கு வேறு சொல் இருந்தது. ஆகவே ஆங்கில அகராதியில் இச்சொல் விருந்தினர்போல் ஒரு மூலையில் அமர்ந்திருக்கிறது.

சென்றவிடமெல்லாம் அதற்கு வாசகரும் கிடைத்தனர்; வசையும் கிடைத்தது. ஹெர்மன் ஹெஸ்ஸே என்னும் ஜெர்மன் ஆசிரியர் 1943இல் வெளியிட்ட ‘கண்ணாடி மணி விளையாட்டு’ என்னும் நாவலில், ஆழ்ந்த அறிவை விட்டு அற்பச் செய்திகளில் மயங்கிய காலத்துக்கு ‘ஃபெய்தோன் காலம்’ என்றே பெயரிட்டு எள்ளினார். அவருடைய தாய்வழிப் பாட்டனார் ஹெர்மன் குண்டர்ட், தலைச்சேரியில் வாழ்ந்து, 1872இல் மலையாள அகராதியை வெளியிட்ட பேரறிஞர். 1847இல் ‘ராஜ்ய சமாசாரம்’ என்னும் முதல் மலையாளப் பத்திரிகையை நடத்தியவரும் அவரே. பாட்டனார் தாளை அச்சிட்டு வாசகரை உண்டாக்கினார். பேரனார் தாள் மிகுந்துவிட்டதென வருந்தினார். இரண்டுக்கும் நியாயம் உண்டு. ஆயின் வாசகரே இல்லாத சமூகம் முதலில் பாட்டனாரின் வழியைத்தான் நாட வேண்டும்.

தமிழுக்கும் இச்சிற்றிலைக்கும் உறவுண்டா எனின், உண்டு. ‘பாரிஸ் மர்மங்களை’ப் பின்பற்றி, ரெயினால்ட்ஸ் என்னும் ஆங்கிலேயர் 1844இல் ‘லண்டன் மர்மங்கள்’ என்னும் கதையை வாரம் ஒரு பென்னிக்கு வெளியிடத் தொடங்கினார். அந்த ரெயினால்ட்ஸின் நாவல்களையே ஆரணி குப்புசாமி முதலியார் தமிழில் தழுவி எழுதிப் பெருங்கூட்டமான வாசகரைப் பெற்றார். தனித்தமிழ்த் தந்தையாராகிய மறைமலையடிகளும் 1911இல் ரெயினால்ட்ஸின் கதையொன்றைத் தழுவிக் ‘குமுதவல்லி அல்லது நாகநாட்டரசி’யை இயற்றினார். பாரிஸில் கோட்டின் கீழே துளிர்த்தது, லண்டன் வீதிவழியாகச் சென்னைக்கு வந்து சேர்ந்தது.

அதற்கு முன்னரே, 1893 முதல் 1895 வரை, ராஜமையர் ‘கமலாம்பாள் சரித்திர’த்தை ‘விவேக சிந்தாமணி’ என்னும் மாதப் பத்திரிகையில் பகுதி பகுதியாக எழுதினார். 1898இல், 26 வயதில், அவர் மறைந்தார். பத்திரிகை இடங்கொடுத்திராவிடில் அந்நூல் எழுதப்பட்டிருக்குமோ என்பது ஐயமே. பிற்காலத்தில் கல்கி ‘சிவகாமியின் சபத’த்தை 1944 முதல் 1946 வரையிலும், ‘பொன்னியின் செல்வ’னை 1950 முதல் 1954 வரையிலும் தம் வாரப் பத்திரிகையில் எழுதியபோது, தமிழ் வீடுகளில் அத்தாள்களைக் கத்தரித்துத் தைத்து நூலாகக் கட்டிவைக்கும் வழக்கம் பரவிற்று. வாசகனே பதிப்பாளனான காலம் அது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். மலாயாவின் முதல் தமிழ் நாவலெனக் கூறப்படும் ‘கருணாசாகரன் அல்லது காதலின் மாட்சி’ 1917இல் வெளிவந்தது. ஆனால் இந்நாட்டுத் தமிழிலக்கியம் நூல்களினும் பத்திரிகைகளிலேயே பெரிதும் வளர்ந்தது. 1887இல் ‘சிங்கை நேசன்’ தோன்றியது. 1924இல் கோலாலம்பூரில் ‘தமிழ் நேசன்’ தோன்றி, 2019இல் நின்றது. 1935இல் கோ. சாரங்கபாணி சிங்கப்பூரில் தொடங்கிய ‘தமிழ் முரசு’ இன்றும் வெளிவருகிறது. நூல் பதிப்பிக்கப் பணமுள்ளவர் சிலரே. பத்திரிகைக்கு எழுதத் தபால்தலை ஒன்று போதும். 1950இல் ‘தமிழ் நேசன்’ சுப. நாராயணன், பைரோஜி நாராயணன் ஆகியோரைக் கொண்டு ‘கதை வகுப்பு’ நடத்தியது. பத்திரிகையின் பக்கத்தையே பள்ளிக்கூடமாக்கி, கதை எழுதும் முறையை வாசகருக்குக் கற்பித்த முயற்சி அது. தொடர்ந்து ‘தமிழ் முரசு’ மாணவர் மணிமன்றத்தின் வாயிலாகச் சிறுவர்களை எழுத வைத்தது. யூஜின் சூவுக்குக் கடிதம் எழுதிய பாரிஸ் வாசகர், கடிதத்தோடு நின்றனர். மலாயாத் தமிழ் வாசகரோ தாமே எழுத்தாளராயினர்.

தோட்டங்களின் நிலைமையைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வில்லியம் காமரன் 1885இல் அளந்து சென்ற இம்மலைப்பகுதியில், 1929 முதற்கொண்டு தேயிலைத் தோட்டங்கள் எழுந்தன. தோட்டத்தில் பள்ளி வயதுப் பிள்ளைகள் குறைந்தது பத்துப்பேர் இருப்பின் பள்ளி வைக்க வேண்டுமென்பது 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம். வைத்த பள்ளிகளும் பெரும்பாலும் ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற அளவில் நின்றன. ஆகவே லயத்தில் படிக்கத் தெரிந்தவன் ஒருவன், கேட்போர் இருபதுபேர். பத்திரிகை மலையேறி வந்து சேர்வதற்குள் மேற்பாதிச் செய்தி பழையதாகிவிடும். கீழ்ப்பாதிக் கதை பழையதாவதில்லை. பெரட்டுக்கு எழுந்து, கூடை சுமந்து, இருட்டும் வேளையில் திரும்பிய மக்கள், மறுவாரம் என்ன நேரும் என்று அடுத்த நிரையில் கொழுந்து பறிப்பவளிடம் பேசினர். கூலியைத் தவிர நாளையைப் பற்றி எதிர்பார்ப்பதற்கு வேறொன்று அவர்களுக்குக் கிடைத்தது அக்கதையினால்தான்.

‘லயம்’ என்னும் சொல்லே ‘லைன்’ என்னும் ஆங்கிலச் சொல்லின் திரிபாகும். அதற்கு வரிசை, கோடு என்று பொருள். கோட்டில் வாழ்ந்தவருக்காகக் கோட்டின் கீழே எழுதப்பட்டது அவ்விலக்கியம். துரையின் பங்களா மேட்டில், லயம் பள்ளத்தில். தலையங்கம் மேலே, கதை கீழே. மேலிருப்பதே உயர்ந்தது, கீழிருப்பது தாழ்ந்தது என்னும் எண்ணம் பிறப்பின் பேரால் மனிதரை எவ்வாறு பிரித்ததோ, அவ்வாறே எழுத்தையும் பிரித்துவிட்டது. பண்டிதர் ‘பத்திரிகைக் கதைதானே’ என்றனர். பத்திரிகைக்காரரோ ‘பக்கம் நிரப்பத்தானே’ என்றனர். எழுதியவர்கூட அதன் பிரதியைப் பாதுகாக்கவில்லை. பலசரக்குக் கடையில் அது பொட்டலமாயிற்று. லயத்தில் சுவரை மூடிற்று. பெட்டியின் மூடியில் ஒட்டிக்கொண்டு, தற்செயலாகப் பிழைத்தது ஒரே ஒரு தாள்.

‘அவற்றுள் பெரும்பகுதி குப்பையன்றோ?’ என்று கேட்பவர் இருப்பர். ஆம், குப்பையும் இருந்திருக்கும். அதை மறுக்கப் புகவில்லை. ஆனால் தேயிலைத் தொழிலில் முதலில் பறிப்பது, பிறகு வாட்டுவது, உருட்டுவது, உலர்த்துவது. கடைசியில்தான் சல்லடையிட்டுத் தரம் பிரிப்பது. பறிக்காத இலையைத் தரம் பிரித்தவன் எவனுமில்லை. காணாமற்போன கதையைக் குப்பையென்று தீர்ப்பளிப்பது எவ்வகையில் பகுத்தறிவாகும்? நம் பாட்டன் பாட்டிமாரின் பேச்சு, கடன், காதல், கள்ளுக்கடைச் சண்டை, ஊர்திரும்பும் கனவு ஆகியவை தோட்ட நிர்வாகத்தின் கணக்கேட்டில் எழுதப்படவில்லை. கணக்கேட்டில் அவர்கள் பெயரும் கூலியுமே உண்டு. அவர்களை மனிதராகக் காட்டிய தாள் அச்சிற்றிலை ஒன்றே.

‘ஃபெய்தோன்’ என்னும் சொல்லை அன்பர்கள் நாவில் ஏற்ற வேண்டுமென்று நாம் வற்புறுத்தவில்லை. தமிழில் ‘தொடர்கதை’ உண்டு. இலக்கிய இணைப்புக்கு ‘ஞாயிறு மலர்’ போன்ற அழகிய பெயருண்டு. பிரெஞ்சுக்காரன் இலையென்றதை நாம் மலரென்றோம். பெயரில் நாம் ஒரு படி உயர்த்தினோம், காப்பதில் பின்தங்கினோம். அவர்கள் தம் சிற்றிலைகளை நூலகங்களில் அடுக்கி வைத்து, இன்றும் ஆராய்கின்றனர்.

நாம் செய்யத்தக்கது பெருஞ்செலவு பிடிக்கும் காரியமன்று. ‘தமிழ் முர’சின் பழைய இதழ்களைச் சிங்கப்பூர்த் தேசிய நூலகம் கணினிவழிப் படிக்குமாறு செய்திருக்கிறது. அங்குப் போய்த் தேடுக. தோட்டங்களில் இன்று பிறநாட்டுத் தொழிலாளர் மிகுந்துவிட்டனர்; நம்மவர் பலர் பட்டணம் சேர்ந்துவிட்டனர். வீடு மாறும்போது பெட்டிகளைத் திறந்து பாருங்கள். மூடியிலும் பழைய புத்தக அட்டையிலும் ஒட்டிய தாளைக் கிழித்தெறியாமல், ஈரம்படாமல் எடுத்து, படமெடுத்து, ஊர்ப் பள்ளியிலோ நூலகத்திலோ ஒப்படையுங்கள். ஆசிரியர் பெயர் இருப்பின் குறித்துவையுங்கள். அக்கதைகளைக் கேட்ட முதியோர் உயிரோடிருக்கையில், அவர்கள் நினைவிலுள்ளதை எழுதிக்கொள்ளுங்கள்.

கம்போங் ராஜாவில் கண்ட அத்தாளை அக்குடும்பத்தாரின் இசைவோடு வரிக்கு வரி பிரதி செய்து வைத்திருக்கிறோம். அடுத்த வாரத்துத் தாள் எந்தப் பெட்டியில், எந்த ஊரில் ஒட்டியிருக்கிறதோ, அறியோம். அது கிடைக்குமாயின், அந்தப் பெண் கரை சேர்ந்தாளா என்பதைப் பாட்டியாரிடம் முதலிற் சொல்லுவோம்.